பயனாளி வீட்டில் இல்லை

எங்கள் ஊர்ச் சுப்பர்மார்க்கெட் வாசலில் சுவருக்குள் பதித்த ஒரு இயந்திரம் இருக்கிறது. வெறும் போத்தல்களையும் தகரப் பேணிகளையும் ஒவ்வொன்றாக அதன் வட்ட வாய்க்குள் விட வேண்டும். அது சுற்றிச் சுற்றிப் பார்த்து, திருப்தியானால் விழுங்கும், இல்லாவிட்டால் துப்பும். போத்தலுக்கு முற்பணமாக வாங்கிய காசைத் திருப்பித் தருகிற ஏற்பாடு இது. இங்கே இதற்கு ‘பான்த்’ என்று பெயர். எல்லாம் விழுங்கி முடித்ததும் இரண்டு பொத்தான்கள் ஒளிரும். பச்சையை அழுத்தினால் ஒரு துண்டுச் சீட்டு வரும், அதைக் கொடுத்து உள்ளே பாண் வாங்கலாம். மஞ்சளை அழுத்தினால் அந்தக் காசு வறிய நாடுகளில் வாழும் மக்களுக்குப் போய்ச் சேரும். நோர்வேக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. இன்னமும் அந்த இரண்டுக்கும் முன்னால் என் விரல் தயங்கத்தான் செய்கிறது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் நான் கஞ்சத்தனம் பார்க்கிறேன் என்று நினைப்பார்கள். மஞ்சள் பொத்தான் யாரைச் சொல்கிறதோ அவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும் என்பதுதான் என் சிக்கல். அவர்களில் சிலரோடு எனக்குக் கோபமும் உண்டு. “அம்மா, நீங்க எத அமத்தினாலும் உங்கட ஆக்களுக்குத்தானே போகுது” என்று என் மகள் ஒருநாள் கேலி செய்தாள். அவள் இங்கே பிறந்தவள். பொத்தானின் இந்தப் பக்கத்து ஆள்.

எங்கள் எதிர்வீட்டில் இங்கிரிட் இருக்கிறார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. நான் வந்த முதல் பனிக்காலத்தில் வீட்டு வாசலிலேயே வழுக்கி விழுந்து கிடந்தபோது ஓடிவந்து தூக்கி, சப்பாத்தின் அடியில் முள் வளையம் மாட்டிக்கொண்டு நடக்கப் பழக்கியவர் அவர்தான். என் மகள் பிறந்ததும் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டு வந்தவரும் அவர்தான். இந்த மொழியில் இன்று நான் ஒருவரோடு சண்டை பிடிக்கிற அளவுக்குத் தேறியிருக்கிறேன் என்றால், அந்தப் புண்ணியமும் அவரைச் சேரும். அவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். வறுமையை உலகத்திலிருந்து ஒழிப்பது அதன் நோக்கம். அதற்காகச் சனிக்கிழமைகளில் நூலக வாசலில் நின்று வாஃபல் சுட்டு விற்பார்கள். யாருக்கும் சம்பளமில்லை. ஊருக்குப் பொதுவான வேலையை எல்லோருமாகக் கூடிச் செய்வதை இவர்கள் ‘டுக்நாத்’ என்பார்கள். வாஃபல் மாவைக் குழைத்து வறுமையை ஒழித்துவிடலாம் என்று நம்புகிறார்களே என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பழகிப்போய் நானும் ஏப்ரன் கட்டிக்கொண்டு போய் நின்றேன். சும்மா சொல்லக்கூடாது, ஆபிரிக்காவில் எங்கோ ஒரு கிராமத்துக்கு அந்த வாஃபல் கிணறு வெட்டிக் கொடுத்திருக்கிறது.

ஒரு மாரிக்கு எங்கள் மட்டக்களப்பில் வாவி பெருகி, செட்டிபாளையத்தில் எங்கள் உறவுக்காரர் வளவுகளுக்குள்ளும் தண்ணீர் ஏறிவிட்டது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், வாஃபல் தட்டின் முன்னால் நின்றே அதைச் சொல்லிவிட்டேன். தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டிலில் இருக்கிற பெண்கள் தண்ணீர் வடியும் வரை பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடக்கிறார்கள் என்றேன். இங்கிரிட் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த கூட்டத்திலேயே முடிவாயிற்று: கணவனில்லாத பெண்கள் சிலருக்குக் கல்வீடு கட்டிக் கொடுப்பது. ஊரில் வேலையைப் பார்க்க நகரத்தில் ஒரு சிறிய நிறுவனம் பிடிபட்டது. அவர்கள் தெரிவு செய்த பெண்களில் என் பெரியம்மாவின் மகள் மலர் அக்காவும் இருந்தாள். அந்தத் தெரிவில் என் கை இல்லை என்று இன்றுவரை சத்தியம் பண்ணிப் பார்க்கிறேன், ஊரில் ஒரு குஞ்சும் நம்புவதாயில்லை.

எங்கள் ஊருக்கு உதவி வருவது புதிதல்ல. சுனாமியில் கடல் வந்து அள்ளிக்கொண்டு போன பிறகு உலகத்துக் கொடிகளெல்லாம் எங்கள் தெருவில் பலகையாக நின்றன. இன்னமும் துருப்பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நான் அப்போது கைக்குழந்தையோடு ஊருக்குப் போயிருந்தேன். வாவியில் சிறு தோணி வலித்து இறால் பிடித்து வாழ்ந்த என் மாமா ஒருவருக்கு, ஆழ்கடலுக்குப் போகிற பெரிய வள்ளம் ஒன்று கொடுத்திருந்தார்கள். மாமா கடலுக்குப் போனதே இல்லை, கடலைக் கண்டால் அவருக்குத் தலைசுற்றும். கொடுத்தவர்கள் மனம் நோகக்கூடாதென்று அவர் அதைத் தென்னைக்குக் கீழே இழுத்து வைத்து, அதற்குள் கோழி அடைத்தார். பார்க்க வந்தவர்கள் கோழியையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கெட்ட மனிதர்கள் அல்ல. கேட்டிருந்தால் மாமா சொல்லியிருப்பார். ஆனால் தருகிற கையிடம் அளவு சொல்வது எங்கள் ஆட்களுக்கு வராது.

மலர் அக்கா அந்தக் கடலில் வீட்டை இழந்தவள். அது பெரியம்மா அவளுக்குக் கலியாணத்தில் கொடுத்த வீடு. எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். மகளுக்குக் கலியாணம் என்றால் தாய் தானிருக்கும் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாய் ஒன்று போட்டுக்கொண்டு ஒதுங்குவாள். அடுத்த மகளுக்கு இன்னொரு வீடு வேண்டும். எங்கள் வீட்டில் நாங்கள் பெண்கள் இருவர், வீடு ஒன்று. அது என் கூடப்பிறந்த மூத்தவளுக்குப் போயிற்று. எனக்கு வந்த பேச்சுக்கால்கள் எல்லாம் “வீடு எங்க?” என்ற கேள்வியோடு திரும்பிப் போயின. கடைசியில் நோர்வேயிலிருந்து ஒருவர் வீடே வேண்டாம் என்றார். அப்பாவின் முகத்தில் அன்று தெரிந்த நிம்மதியை நான் மறக்கவில்லை. காதலால் நாடு விட்டவர்கள் உண்டு, யுத்தத்தால் விட்டவர்கள் ஏராளம். நான் ஒரு வீடு குறைந்ததால் விட்டவள். அதில் எனக்குக் குறையில்லை என்று சொல்லிக்கொள்வேன், சில நாட்களில் அது உண்மையாகவும் இருக்கும்.

மலர் அக்காவுக்கு ஒரே மகள், சுகந்தி. கணவர் காய்ச்சலில் போனபோது அவள் சின்னப்பிள்ளை. கடலுக்குப் பிறகு அரசாங்கம் வாவிப்பக்கம் ஒதுக்கிய காணியில் கொட்டில் போட்டுக்கொண்டு, பாய் இழைத்தும் இறால் அவித்து விற்றும் அவள் பிள்ளையை வளர்த்தாள். வீட்டுத்திட்டங்கள் வந்தபோதெல்லாம் ஏதோவொரு காரணத்தால் அவள் பெயர் விடுபட்டது. சுகந்திக்கு வயது ஏறிக்கொண்டு போயிற்று. கட்ட வருகிறவன் எந்த வீட்டுக்குள் வருவது? ரெலிபோனில் என்னோடு பேசும்போது அக்கா ஒழுகுகிற கூரையைப் பற்றி ஒருநாளும் முறையிட்டதில்லை. “புள்ளைக்குக் குடுக்க எண்ட கையில ஒண்டும் இல்லகா” என்பதுதான் அவளுடைய ஒரே முறைப்பாடு. ஆகவே வாஃபல் வீடு கட்டி முடிந்து சாவி கைக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, சுகந்திக்கு மாப்பிள்ளை பார்த்தது. களுதாவளைப் பையன், றவி, மேசன் வேலை. மூன்றாம் மாதம் கலியாணம். முதல் இரவே அக்கா தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்வளவுக் கொட்டிலுக்கு வந்துவிட்டாள். இதில் யாருக்கும் வியப்பில்லை. நான்கூட வாழ்த்திவிட்டு ரெலிபோனை வைத்தேன்.

போன மாசியில் இங்கிரிட் வீடுகளைப் பார்க்கப் புறப்பட்டார். மொழிபெயர்க்க நான். நிறுவனத்துக் கள உத்தியோகத்தர் பிரதீபன் விமான நிலையத்திலிருந்தே எங்களை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டான். வழியில் என் காதுக்குள் குனிந்து, “அக்கா, மலரம்மாட கட்டில இண்டைக்கு மட்டும் வீட்டுக்குள்ள போடச் சொன்னன். கேக்கிறா இல்ல” என்றான். ஏன் போட வேண்டும் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. வீடு நன்றாக இருந்தது. ஒரு அறை, ஒரு மண்டபம், குசினி, முன்னால் சிறிய விறாந்தை. மண்டபத்தில் சுகந்தி கதிரைகளை வரிசையாகப் போட்டு இளநீர் வெட்டி வைத்திருந்தாள். வயிறு இலேசாகத் தெரிந்தது. இங்கிரிட் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு, “மலர் எங்கே?” என்றார். அக்கா பின்பக்கமாக வந்தாள். கூறைச் சேலை மாதிரி ஒன்றை உடுத்து, தலைக்கு எண்ணெய் தடவி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாள். வந்தவள் கதிரையில் உட்காராமல் நின்றபடியே, “வாங்க வாங்க. இது எண்ட மகள்ட வீடு. நல்லாப் பாருங்க” என்றாள். பிரதீபன் கண்ணை மூடிக்கொண்டான்.

நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். இங்கிரிட் சிரித்த முகம் மாறாமல், அக்கா எங்கே படுக்கிறாள் என்று கேட்டார். “பின்னால, வாங்க காட்டுறன்” என்று அக்கா அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டே போனாள். புதிதாக மெழுகிய மண் தரை, ஒரு சாக்குக் கட்டில், பெட்டி, பிள்ளையார் படம், மூலையில் அடுப்பு. எங்கள் கண்ணுக்கு அது துப்புரவான கொட்டில். இங்கிரிட் குனிந்து உள்ளே போய், நிமிர முடியாமல் அப்படியே நின்றார். வெளியே வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. புகையால் என்று நினைத்து அக்கா தண்ணீர் கொண்டுவர ஓடினாள்.

“அவர்கள் இந்தப் பெண்ணை வெளியே போட்டுவிட்டார்கள்” என்றார் இங்கிரிட் என்னிடம்.

நான் விளக்கினேன். வழக்கத்தைச் சொன்னேன், தாய்வழியைச் சொன்னேன், பெரியம்மா அக்காவுக்குக் கொடுத்ததைச் சொன்னேன். யாரும் வெளியே போடவில்லை, அவளாகத்தான் வந்தாள், பத்து எட்டு வைத்தால் மகள் இருக்கிறாள், சாப்பாடு ஒரே பானைதான் என்றேன். எதைச் சொன்னாலும் அவர் முகம் இளகவில்லை. கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நோர்வேக்காரர் ஒவ்வொருவருக்கும் மலையிலோ கடலோரத்திலோ ‘ஹித்தெ’ என்று ஒரு மரக்குடில் இருக்கும். சொந்த வீட்டில் சுடுநீர் குழாயில் வந்தாலும், விடுமுறைக்கு அங்கே போய் ஓடையில் தண்ணீர் அள்ளி, விறகு கொத்தி, வெளியே இருக்கும் கக்கூசுக்குப் பனியில் நடந்து போவதில் அவர்களுக்குப் பெரிய ஆனந்தம். இங்கிரிட்டின் ஹித்தெயில் மின்சாரம்கூட இல்லை. நானே அங்கே போய் நடுங்கியிருக்கிறேன். “இதை அக்காவின் ஹித்தெ என்று நினையுங்கள்” என்றேன். அவர் ஒரு கணம் சிரித்தார். பிறகு, “ஹித்தெயிலிருந்து நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஏனென்றால் அந்தத் தரையில் மாரிக்கு எவ்வளவு ஈரம் ஊறும் என்று எனக்குத் தெரியும். வழக்கத்தைச் சொல்லித் தாயைக் கொட்டிலில் மறந்துவிட்ட மகள்மாரையும் எனக்குத் தெரியும். இங்கிரிட் கேட்ட கேள்வி பிழையான கேள்வி அல்ல. யாரைப் பற்றிக் கேட்டாரோ அந்த ஆள்தான் பிழை.

அக்கா தண்ணீரோடு வந்தாள். எங்கள் பேச்சு ஏதோ தன்னைப் பற்றியது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பேச்சை மாற்றுவதற்காக, “அந்தம்மாக்கு எத்தின புள்ளையள் எண்டு கேளு” என்றாள். ஒரு மகள், ஒஸ்லோவில், இரண்டு குழந்தைகளோடு வாடகைக்கு ஒரு சின்ன மாடிவீட்டில் இருக்கிறாள் என்றார் இங்கிரிட்.

“அப்ப அந்தம்மாட வீட்டில ஆரு இரிக்கிற?”

“அவ மட்டும்தான் அக்கா.”

“எத்தின அறை?”

“ஆறு.”

அக்கா தண்ணீர்க் குவளையை என் கையில் தந்துவிட்டு யோசித்தாள். “மகளுக்குக் குடுத்திட்டுப் பின்னால ஒண்டு போட்டுக்கிட்டு இரிக்கலாம்தானே? பின்வளவு இல்லையோ?” என்று மெய்யான கரிசனையோடு கேட்டாள். நான் மொழிபெயர்த்தேன். பின்னால் வெறும் பாறையும் பனியும்தான் என்று இங்கிரிட் சொன்னார். “பாவம்” என்றாள் அக்கா. இருவரும் ஒருவரையொருவர் பார்த்த பார்வை ஒன்றுதான். இரண்டு பேரும் மற்றவளுக்காக இரங்கினார்கள். நடுவில் நின்ற எனக்கு யாருக்காக இரங்குவதென்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் நான் பிரதீபனைப் பிடித்துக்கொண்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான். வீடு பயனாளியின் பெயரில் இருக்கிறது. பத்து வருடத்துக்குப் பயனாளி அதில் குடியிருக்க வேண்டும், வேறு ஆளுக்குக் கொடுக்கக்கூடாது என்பது ஒப்பந்தம். எல்லாப் பெண்களும் கையெழுத்துப் போட்டபோது அக்காவும் போட்டாள். அவளைப் பொறுத்தவரையில் மகள் ‘வேறு ஆள்’ இல்லை. “மத்த ஆக்கள் எல்லாரும், பாக்க வாற அண்டைக்கு மட்டும் கட்டில மாத்திப் போடுவாங்க அக்கா. உங்கட அக்காதான் ஏலாதெண்டிட்டா. குடுத்தத குடுத்தன் எண்டு சொல்லுறதுக்கு நான் ஏன் ஒளிக்கோணும் எண்டு என்னையே ஏசுறா” என்றான். குடியிருக்காவிட்டால் வீடு காத்திருக்கிற அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்றும் சொன்னான். இருபது வருடம் கழித்து மகளுக்குக் கொடுக்கக் கிடைத்த ஒரே பொருள். அதை அவள் பெருமையடித்தே கெடுத்துக்கொண்டாளே என்று எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது.

நோர்வேக்கு வந்து சங்கக் கூட்டத்தில் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். நூலகத்தின் மேல்மாடியில், மெழுகுதிரி கொளுத்தி வைத்து, பொறுமையாகக் கேட்டார்கள். அந்தப் பெண்ணின் வறுமை என்று நீங்கள் எண்ணியது கூரையில்லாததை; அவள் எண்ணியது மகளுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாததை; உங்கள் வீடு இரண்டாவதைத் தீர்த்திருக்கிறது, அதை வெற்றி என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சிலர் தலையாட்டினார்கள். ஒரு கிழவர், கொடுத்தவர்கள் ஒரு விதவைக்கென்றுதானே கொடுத்தார்கள், இளம் தம்பதிக்கு என்றல்லவே என்றார். அதுவும் நியாயம்தான். பிறகு இங்கிரிட் எழுந்தார். அந்தக் கொட்டிலை நினைத்தால் தனக்கு நித்திரை வருவதில்லை என்று சொல்லும்போதே குரல் உடைந்தது. அதன் பின் வாக்கெடுப்புக்கு வேலை இருக்கவில்லை. முடிவு கடுமையான முடிவும் அல்ல. வீட்டை யாரிடமிருந்தும் பறிக்க வேண்டாம்; மலர் அறையில் குடியிருக்க வேண்டும்; மகள் விரும்பினால் கூட இருக்கலாம்; கொட்டில் ஆரோக்கியத்துக்குக் கேடு, ஆகையால் பிரித்துவிட வேண்டும்; நிறுவனம் மாதாமாதம் போய்ப் பார்க்க வேண்டும். எல்லோரும் கூட இருக்கலாமே என்றார்கள். வாசலில் இங்கிரிட் என்னைக் கட்டிக்கொண்டு, “உன் அக்காவைக் காப்பாற்றிவிட்டோம்” என்றார். எனக்கு அந்தக் கையை உதறிவிட்டுப் போகத் தோன்றியது. பனியில் வழுக்கி விழுந்த அன்று என்னைத் தூக்கிய கையும் அதுதான் என்பதால் உதறவில்லை.

அக்காவுக்கு நான்தான் ரெலிபோனில் சொன்னேன்.

“அவங்க பாக்க வாற நேரம் மட்டுமா, எப்பவுமா?”

“எப்பவும் அக்கா.”

“புதுசா முடிச்ச புள்ளையள் மண்டபத்தில படுக்க, நான் அறைக்குள்ள கட்டில் போட்டுப் படுக்கிறயா?”

“ஓம் எண்டுதான் சொல்றாங்க.”

“நான் குடுத்தத எப்பிடிகா திருப்பி வாங்கிற? குடுத்தது ஊருக்கே தெரியுமே” என்றாள். அழவில்லை. கணக்குக் கேட்பதுபோலக் கேட்டாள். வீடு அடுத்தவளுக்குப் போவதைவிட இது மேல் என்று ஏதோ சொன்னேன். “ஓம், அது சரி” என்றாள். அடுத்த கிழமை கொட்டிலைப் பிரித்தார்கள். பிரித்துக் கொடுத்தவன் மருமகன் றவிதான். கிடுகைக் கட்டிக்கட்டி மதிலோரம் அடுக்கினானாம்.

முதல் மாதம் பிரதீபன் மோட்டார்ச் சைக்கிளில் போய்ப் பார்த்தான். இரண்டாம் மாதமும் போனான். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, வீட்டுக்காரர் யார் என்று கேட்டு, அறையில் அக்காவின் சாமான் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியது அவனுடைய கடமை. அதை அவன் தலையைக் குனிந்துகொண்டுதான் செய்தான். மூன்றாம் தடவை றவி வேலையால் வந்து முற்றத்தில் கை கழுவிக்கொண்டு நின்றானாம். பிரதீபன் போன பிறகு அக்காவிடம் வந்து, கோபமில்லாமல், “மாமி, சுகந்திட வீடெண்டுதான் நான் வந்தன். இது அவட இல்லையெண்டா எனக்கு இஞ்ச என்ன வேல இரிக்கி?” என்றான். அடுத்த நாள் சுகந்தியைக் கூட்டிக்கொண்டு களுதாவளைக்குத் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். சுகந்தி போகமாட்டேன் என்று சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் பெண் மாமியாரின் வீட்டில் போய் இருப்பதில்லை என்று முன்னமே சொன்னேன். நிறைமாதத்தில் போய் இருப்பதென்பது கேள்விப்படாத காரியம். மகளுக்குப் பேறு பார்ப்பது தாயின் உரிமை. சுகந்தி களுதாவளையில் ஆண்பிள்ளை பெற்றாள். அக்கா பஸ் ஏறிப் போய், விருந்தாளிபோல வாசல் கதிரையில் இருந்து, பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்தாள். முடித்துக் கொடுத்து ஒரு வருடத்தில் மகளின் வீட்டைப் பறித்துக்கொண்டவள் என்று தெருவில் பேச்சு. பிரதீபன் அனுப்பிய அறிக்கையில், பயனாளி வீட்டில் நிரந்தரமாகக் குடியிருக்கிறார் என்று இருந்தது. சங்கத்தில் கை தட்டினார்கள். ‘செல்ஸ்தெண்டி’ என்று ஒரு சொல் இங்கே உண்டு, யாரையும் சாராமல் தன் காலில் நிற்பவள் என்று பொருள். அக்காவை அந்தச் சொல்லால் பாராட்டினார்கள். இந்த நாட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை.

சமாளித்துவிடலாம் என்று நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். றவிக்குக் கோபம் ஆறும், பத்து வருடமும் ஒருநாள் முடியும் என்றெல்லாம் அக்காவுக்குச் சொன்னேன். போன கிழமை பேசும்போது, “பத்து வரியத்தில பொடியன் பள்ளிக்குடம் போவான். அவனுக்கு இது ஆர்ர வீடெண்டு தெரியப்போகுது?” என்று சாதாரணமாகச் சொன்னாள். பிறகு அவளே, “அந்தம்மா எப்பிடி இரிக்கா? கேட்டதாச் சொல்லு. வீடு நல்லா இரிக்கி எண்டு சொல்லு” என்றாள். நான் சரி என்றேன். அவள் இன்னும் முடிக்கவில்லை. “நல்ல வீடு. ஒழுகல்ல, வெடிக்கல்ல. உள்ளதான் ஒருத்தரும் இல்ல” என்றாள்.

அடுத்த நாள் தெருவைக் கடந்து இங்கிரிட் வீட்டுக்குப் போனேன். கோப்பி வைத்திருந்தார். அவருடைய மேசைக்கு மேலே சுவரில் மகளின் படம், பேரப்பிள்ளைகளின் படங்கள். அவற்றுக்கு நடுவே புதிதாகச் சட்டம் போட்டு மலர் அக்காவின் படம் மாட்டியிருந்தது. புதுவீட்டு வாசலில் எடுத்தது. நடுவில் நில்லுங்கள் என்று பிரதீபன் எவ்வளவோ சொல்லியிருப்பான். அக்கா நிலையின் ஓரமாக, யாரோ உள்ளே போக வழிவிட்டவள்போல ஒதுங்கி நின்றாள். “என்ன சொன்னார் உன் அக்கா?” என்று இங்கிரிட் ஆவலோடு கேட்டார். முழங்கால் நோவோடு அவர் இன்னமும் சனிக்கிழமைகளில் பனியில் நின்று வாஃபல் சுடுகிறார். “வீடு நல்லா இருக்கிறதாம்” என்றேன் நோர்வேஜிய மொழியில். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கள் கலங்கின. “வேறு ஏதாவது சொன்னாரா?” என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். சுவரிலிருந்து அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கோப்பை ஊற்றட்டுமா என்று இங்கிரிட் கேட்டார். ஊற்றுங்கள் என்று கோப்பையை நீட்டினேன்.